அச்சின் குறையும் அடியின் குறையும்

காசினைக் கையாளாதார் ஒருவரும் இலர். காசினைக் காண்பாரோ மிகச் சிலர். கடைக்காரர் அதன் எண்ணை நோக்குவர். கண்ணொளி இழந்தோர் அதன் விளிம்பை விரலால் தடவி அறிவர். அதன்கண் பொறித்த உருவும் எழுத்தும் எங்ஙனம் அங்கு வந்தமைந்தன என்று வினவுவார் அரியர். அவ்வினாவினை எழுப்பி, சிறப்பாக ஓரெழுத்தே இருமுறை பதிந்தாற்போலத் தோன்றும் காசுகளை எடுத்துக்கொண்டு, அவ்விரட்டைக்குக் காரணம் யாது, அதனைப் பகுத்தறிதலால் வரும் பயன் யாது என்பவற்றை நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைக்க விழைகின்றேன். தமிழ் பயிலும் மாணவனுக்குச் செம்போடும் எஃகோடும் என்ன உறவு என்று நண்பர் சிலர் நகைத்தனர். உறவு உண்டென்பதை இக்கட்டுரை முடியுமுன் அவர்களும் ஒப்புவர் என நம்புகின்றேன்.

எம்மூர் கீரனூர். திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் இடைவழியே உள்ளது. 1948ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அதுகாறும் எம்மூரார் தொண்டைமான் மன்னரின் குடிகளாயிருந்தனர். பிரிட்டிஷ் அரசினரின் ரூபாயும் அணாவும் எங்கும் வழங்கிய அக்காலத்தில், சமஸ்தானத்துக்கென்று தனியே ஒரு சிறு செப்புக்காசும் வழங்கி வந்தது. அதுவே அம்மன் காசு. ஒருபுறம் திருக்கோகர்ணத்திலுறையும் பிரகதாம்பாளின் அமர்ந்த கோலம். மறுபுறம் தெலுங்கெழுத்தில் ‘விஜய’ என்னும் சொல். இருபது அம்மன் காசு கொண்டது ஓரணா. நவராத்திரி நாட்களில் அரண்மனையார் வழங்கிய அரிசியோடு இக்காசினையும் அளித்தனர் என்பர். அவ்வம்மையை இன்றும் மக்கள் அரைக்காசு அம்மன் என்று அழைப்பதனால், அரசு மறைந்தும் காசின் பெயர் மறையவில்லை எனலாம்.

எம் பாட்டியாரின் தகரப்பெட்டியுள் இத்தகைய காசுகள் பதினேழு உள. எம் முப்பாட்டனார் கீரனூரில் உப்பும் புளியும் விற்றவர். அவர் கல்லாவில் எஞ்சியவை இவை. பாட்டியார் இவற்றைப் பழைய வேதாகமம் ஒன்றோடும், திருமணப் பதிவுச் சான்றோடும் ஒருங்கே வைத்துப் பேணி வருகின்றார். சென்ற விடுமுறையில், பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடி ஒன்றைக் கொண்டு இவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். அப்பொழுதே இப்பொருளில் எனக்கு ஈடுபாடு உண்டாயிற்று.

அக்காசுகள் இருவகையின. முந்தியவை கையால் அடித்தவை. அச்சு பெரிது, செப்புத்துண்டு சிறிது. ஆதலின் அம்மையின் உருவம் முழுதும் ஒரு காசிலும் அடங்குவதில்லை. ஒன்றில் தலை உண்டு, தாள் இல்லை. ஒன்றில் எழுத்தின் பாதி விளிம்புக்கு அப்பால் போயிற்று. பிந்தியவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டுப் பொறியினால் அடிக்கப்பெற்றவை. வட்டம் ஒழுங்காகவும் உரு முழுதாகவும் இருப்பவை. இருவகையிலும் இரட்டைத் தோற்றம் உண்டு. ஆயினும் அவ்விரட்டைகள் ஓரினத்தன அல்ல. அதனை உணர்தற்குக் காசு பிறக்கும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும்.

காசு என்பது இரண்டு அச்சுக்களின் இடையே ஓர் உலோக வில்லையை வைத்து ஓங்கி அடித்தலால் ஆவது. காசில் மேடாக இருப்பது அச்சில் பள்ளமாக இருக்கும். பண்டை நாளில் அப்பள்ளத்தைக் கம்மியன் ஒவ்வோர் அச்சிலும் தன் கையாலேயே உளிகொண்டு வெட்டினான். பொறிகள் வந்தபின், ஆயிரக்கணக்கான அச்சுக்கள் வேண்டப்பட்டமையால், காசினைப்போலவே மேடான உருவுடைய ஒரு மூல அச்சினைச் செய்து, அதனைப் பதமான எஃகுத்துண்டின்மேல் அழுத்தி, வேண்டிய அச்சுக்களைப் பெற்றனர். தாய் ஒன்று, மக்கள் பலர் என்னும் முறை அது.

இம்முறையில்தான் ஓர் இடுக்கண் நேர்ந்தது. எஃகு எளிதில் இணங்கும் பொருளன்று. மூல அச்சினை ஒருமுறை அழுத்திய அளவில் உருவம் முழு ஆழத்துக்குப் பதிவதில்லை. அழுத்திய இடமும் இறுகிவிடும். ஆதலின் அதனை உலையிலிட்டுக் காய்ச்சிப் பதப்படுத்தி, மீண்டும் அதே மூல அச்சின்கீழ் வைத்து அழுத்துவர். இரண்டாம் முறை வைக்குங்கால் மயிரிழை அளவு திரும்பியிருப்பினும், முதற்பதிவும் இரண்டாம் பதிவும் ஒன்றோடொன்று பொருந்தா. அச்சிலேயே எழுத்து இரட்டையாகிவிடும். அதன்பின் அவ்வச்சு ஈனும் காசு ஒவ்வொன்றும், அது பதினாயிரமாயினும், அதே இரட்டையைத் தாங்கியே பிறக்கும். இதனையே காசு திரட்டுவோர் ‘டபிள் டை’ என்பர். நாம் இரட்டை அச்சு என்போம்.

இதற்குப் பெயர்போன சான்று அமெரிக்க நாட்டில் 1955ஆம் ஆண்டு பிலடெல்பியா நாணயச்சாலையில் அடிக்கப்பெற்ற ஒரு சென்டுக் காசாகும். ஆபிரகாம் லிங்கனின் தலையுருவைச் சூழ்ந்த எழுத்துக்களும் ஆண்டெண்ணும் அதில் இரண்டிரண்டாகத் தெளிவாய்த் தோன்றும். காண்பதற்குக் கண்ணாடியும் வேண்டா. மறுபுறமோ குற்றமின்றி ஒற்றையாகவே இருக்கும். குறை ஓரச்சினதேயன்றி அடியினது அன்று என்பதற்கு அதுவே சாட்சி. இவ்வகைக் காசுகள் ஏறத்தாழ 20,000 முதல் 24,000 வரை புழக்கத்திற் சென்றன என்று கணிப்பர். சிகரெட்டுப் பெட்டிகளோடு கொடுத்த மீதிச் சில்லறையாகவே பல வெளிவந்தன என்பதும் வழக்கு. புகைக்கும் பழக்கத்தால் எவருக்கேனும் நன்மை விளைந்ததாயின் அது இஃதொன்றே போலும்!

இனி, இரட்டையாகத் தோன்றுவன எல்லாம் இரட்டை அச்சினவோ எனில், அல்ல. நூற்றுக்கு மிகப் பல வேறு காரணத்தால் வருவன. அவற்றை யான் என் வசதிக்காக மூன்றாக வகுத்துக் கொண்டேன்: அச்சில் பிறந்த குறை, அடியில் பிறந்த குறை, வாழ்வில் பிறந்த குறை என்பன அவை.

அச்சில் பிறந்த குறையை மேலே கூறினேன். அதன் அடையாளம், இரண்டு உருவமும் உருண்டு திரண்டு ஒத்த உயரத்தோடு நிற்றல். எழுத்தின் மூலைகளில் சிறு பிளவு காணப்படும். நண்டின் கொடுக்குப்போல முனை இரண்டாகும். எழுத்து தன் இயல்பினும் தடித்துத் தோன்றும். ஏனெனில் அங்கே ஓருருவின்மேல் மற்றோருரு கூடியுள்ளது, ஒன்றும் குறையவில்லை.

அடியில் பிறந்த குறை இருவகைத்து. அச்சு தன் பிடியில் தளர்ந்திருப்பின், அடித்து மீளுங்கால் சற்றே நழுவி, அப்பொழுது உருவான எழுத்தின் ஓரத்தைத் தேய்த்துத் தட்டையாக்கிவிடும். அங்ஙனம் உண்டாகிய இரண்டாம் உரு, சுவரோரத்துத் திண்ணைபோலத் தாழ்ந்து தட்டையாகக் கிடக்கும். எழுத்தின் உடம்பிலிருந்தே அத்திண்ணை வெட்டப்பட்டமையால் எழுத்து மெலிந்து காணும். இஃது ஒன்று. அடித்த காசு அச்சினைவிட்டு நீங்காது கிடப்ப, இரண்டாம் அடியும் அதன்மேல் விழுதல் மற்றொன்று. அப்பொழுது முன்னை உரு நசுங்கிப் பின்னை உரு மேலோங்கும். இருபுறமும் அவ்வாறே கலங்கும். கையால் அடித்த அம்மன் காசுகளில் காணும் இரட்டை பெரும்பாலும் இவ்வகையே. கம்மியன் சம்மட்டியை ஓங்குந்தோறும் காசு அசைந்தது. அவன் அச்சின்மேல் பழியில்லை.

இவையேயன்றி, பன்னாள் உழைத்துத் தேய்ந்த அச்சும் எழுத்தின் விளிம்பில் நிழல்போன்ற ஒன்றை எழுப்பும். மேற்கூறிய 1955ஆம் ஆண்டிலேயே, அங்ஙனம் தேய்ந்த அச்சினால் இறுதி 5 என்னும் எண் மட்டும் இரட்டைபோலத் தோன்றும் சென்டுகள் வெளிவந்தன. அவற்றை அந்நாட்டார் ஏழையின் இரட்டை அச்சு என்று வேடிக்கையாக அழைப்பர். மெய்யான இரட்டை அச்சு பெறும் விலையில் சிறு பகுதியும் அது பெறாது.

வாழ்வில் பிறந்த குறையாவது நாணயச்சாலையின் வாயிலைக் கடந்தபின் காசு பட்ட காயம். இதற்கும் எம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. ஆலங்குடிக்கு அணித்தான கருக்காகுறிச்சியில் 1898ஆம் ஆண்டு உரோமப் பேரரசரின் பொற்காசுகள் 501 ஒரு புதையலாகக் கிடைத்தன. அவற்றுள் மிகப் பலவற்றில் பேரரசர் தலையின் குறுக்கே உளியால் வெட்டிய வடு உளது. அக்காசு மீண்டும் காசாக வழங்காதிருத்தற்பொருட்டு அவ்வாறு வெட்டினர் என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். உரோமாபுரியின் அச்சிலும் குறையில்லை, அடியிலும் குறையில்லை. பிற்காலத்தில் வேறொருவர் கை செய்தது அது.

இவ்வளவும் காசு திரட்டுவோரின் பொழுதுபோக்கு என்று எண்ணியிருந்தேன். சென்ற வைகாசியில் நிகழ்ந்த ஒன்று அவ்வெண்ணத்தை மாற்றிற்று.

எங்கள் தெருவில் தையற்பொறி வைத்துப் பிழைக்கும் பெரியவர் ஒருவர் உளர். உறவில்லையாயினும் மாமா என்று அழைத்தே வளர்ந்தேன். அவர் ஒருநாள் மாலையில் கடையை அடைத்துவிட்டு வந்து, மடித்த கைக்குட்டையினின்றும் ஓர் இரண்டு ரூபாய்க் காசினை எடுத்து என்முன் வைத்தார். அதிலுள்ள 2 என்னும் எண்ணுக்கு ஒருபக்கம் நிழல்போல் மற்றொரு வரை தெரிந்தது. அதன் படத்தை யாரோ முகமறியாத ஒருவர்க்குக் கைப்பேசியில் அனுப்பினாராம். ‘இது டபிள் டை, இரண்டு இலட்ச ரூபாய்க்கு வாங்க ஆள் இருக்கிறது, பதிவுக் கட்டணமாக ஒன்பதாயிரம் ரூபாய் முதலில் அனுப்புக’ என்று மறுமொழி வந்ததாம். அவர்தம் மகள் செவிலியர் படிப்பில் இடம் பெற்றிருந்தாள். கல்லூரிக்குக் கட்டுதற்கென்று சேர்த்த பணத்திலிருந்தே அவ்வொன்பதாயிரத்தை எடுப்பதாக இருந்தார்.

“தம்பி, நீ படிக்கிற பிள்ளை. கண்ணாடியெல்லாம் வைத்துப் பார்க்கிறாயாம். பார்த்துச் சொல்லு. நாளைக் காலையிலே பணம் அனுப்பவேண்டும்” என்றார்.

பார்த்தேன். அருகில் நின்றவர் மூச்சு விடாது நின்றார். எண்ணின் ஓரத்தில் கிடந்தது திண்ணை. தட்டையாக, தாழ்ந்து, பளபளத்துக் கிடந்தது. மூலையில் பிளவில்லை. எண் தடிக்கவில்லை, மெலிந்திருந்தது. பெட்டியில் அதே ஆண்டினதும் அதே நாணயச்சாலைக் குறியுடையதுமான வேறு மூன்று காசுகள் கிடந்தன. அவற்றையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றிலும் அவ்வரை இல்லை. வேறொன்றில் அதனினும் சிறியதொரு நழுவல் வேறு திசையில் இருந்தது. ஐயத்திற்கு இடமில்லை.

மெய்யை அறிதல் எளிதாயிற்று. அதனைச் சொல்லுதல் எளிதாகவில்லை. ஒரு கணம், ‘தெரியவில்லை மாமா’ என்று கூறித் தப்பிக்கொள்ளலாமா என்று நெஞ்சம் தடுமாறிற்று. அவ்விரண்டு இலட்சத்தை அவர் மனத்துள் முன்னமே செலவழித்து முடித்திருந்தார். மூன்றாண்டுக் கட்டணமும் விடுதிச் செலவும் தீர்ந்து, வீட்டுக் கூரைக்கும் சிறிது எஞ்சியிருந்தது. அதனை ஒரு சொல்லால் அழித்தல் வேண்டும். ஆயினும் அழியப்போவது கனவு மட்டும் என்பதும், யான் வாளாவிருப்பின் ஒன்பதாயிரமும் உடன் அழியும் என்பதும் தெளிவாயின. ஆதலின் கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்து, திண்ணை இன்னது, பிளவு இன்னது என்று காட்டி, மற்றை மூன்று காசுகளையும் அவரையே ஒப்பிட்டுப் பார்க்கச் செய்தேன். இந்திய ரிசர்வ் வங்கி 2021ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பழைய காசும் தாளும் வாங்குவதாகவும் விற்பதாகவும் கூறித் தன் பெயரால் கட்டணம் கேட்போரை நம்பவேண்டா என்று பொதுமக்களை எச்சரித்ததனையும் எடுத்துக் கூறினேன்.

நெடுநேரம் கண்ணாடியை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். துணியில் ஒரு நூல் தவறினாலும் காணும் கண் அவர் கண். அத்திண்ணை அவர்க்குப் புலப்படாமல் இராது. பின்பு, “அப்படியானால் இது கள்ளக்காசா, தம்பி?” என்று கேட்டார்.

“நல்ல காசுதான், மாமா. இரண்டு ரூபாய் பெறும்” என்றேன்.

அவர் நகைத்தார், அந்நகைப்பு முகத்தில் நெடுநேரம் நிற்கவில்லை. காசினை மீண்டும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு எழுந்தார். பணம் அனுப்பவில்லை. மகள் கல்லூரியிற் சேர்ந்துவிட்டாள்; கட்டணத்தில் ஒரு பகுதி கடனாயிற்று. இரவில் அவர் தையற்பொறியின் ஓசை முன்னிலும் நேரங்கழித்தே ஓய்கின்றது. இதனை யான் செய்த நன்மை என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஓர் ஏழை கண்ட கனவுக்குக் கண்ணாடி பிடித்துப் பார்க்கும் அலுவல் அத்துணை இனியதன்று. எனினும் அவ்வலுவலைச் செய்ய அறிந்தார் தெருவுக்கு ஒருவரேனும் இருத்தல் வேண்டும் என்பதை அன்று உணர்ந்தேன்.

இனித் தமிழுக்கு வருவேன். எம் வகுப்பில் பாடபேதம் என்னும் பொருள்பற்றி ஆசிரியர் விளக்கியபோது, என் உள்ளம் பாட்டியாரின் தகரப்பெட்டியையே நாடிற்று. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1887இல் சீவகசிந்தாமணியையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தற்கு ஊரூராக அலைந்து ஏடு தேடினார்கள். ஒரு பிரதி கிடைத்த அளவில் அமைந்துவிடாது, மேலும் மேலும் பிரதிகளை நாடியது எதன்பொருட்டு? ஓர் ஏட்டில் ஒரு சொல் பிறழ்ந்திருப்பின், அப்பிறழ்ச்சி அவ்வேட்டை எழுதினான் கை நழுவியதாலோ, அவன் பார்த்தெழுதிய மூல ஏட்டிலேயே இருந்ததாலோ என்பதை அவ்வோரேடு தானே சொல்லாது. அதே பிறழ்ச்சி வேறோர் ஊரில் கிடைத்த ஏட்டிலும் அதே இடத்தில் இருப்பின், இரண்டும் ஒரு தாயின் மக்கள் என்பது பெறப்படும். எழுதுவோன் கை நழுவினால் அது அடியின் குறை; மூல ஏடு பிழைபட்டிருந்தால் அது அச்சின் குறை; செல்லரித்து எழுத்துப் போயிருந்தால் அது வாழ்வின் குறை. பனையோலைக்கும் செம்புக்கும் இவ்வகையில் நீதி ஒன்றே. தனியொரு சான்று தன்னைப்பற்றித் தானே தீர்ப்புக் கூற இயலாது. ஒப்பிடுதற்கு மற்றொன்று வேண்டும்.

மாந்தரை மதிப்பிடுமிடத்தும் இது பொருந்தும் என்று ஒரு நண்பர் கூறினார். ஒருவன் ஒருமுறை செய்த பிழையைக் கண்டு, அவனை வார்த்த அச்சே கோணல் என்று துணிந்துவிடுகின்றோம். கை ஒருமுறை நழுவியதாகவும் இருக்கலாம் அன்றோ என்றார். அவர் கூறியதை மறுக்க எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் அவ்வாராய்ச்சியை மெய்ப்பொருள் பயில்வார்க்கு விடுத்து, என் காசுக்கே மீள்கின்றேன்.

பாட்டியாரின் பதினேழு காசுகளுள் ஒன்று என்னை இன்னும் உறங்கவிடவில்லை. அது பொறியினால் அடித்தது. அம்மையின் உருவமுள்ள புறம் ஒற்றையாகத் தெளிவாக உளது. மறுபுறத்து ‘விஜய’ என்னும் சொல்லின் நடுவெழுத்து மட்டும் இரட்டித்து நிற்கின்றது. இரண்டும் உருண்டு ஒத்த உயரமாக உள்ளன, முனையில் பிளவு உண்டு, திண்ணை இல்லை. அச்சில் பிறந்த குறை என்றே குறிகள் யாவும் கூறுகின்றன. மூல அச்சு இருமுறை மாறி அழுந்தியிருக்கலாம். அன்றி, அவ்வெழுத்தை அச்சில் தனி முளையால் பதித்தவன் முதலில் பிறழப் பதித்துப் பின் திருத்தியிருக்கலாம். எங்ஙனமாயினும் அதன் உடன்பிறந்த காசுகள் பல இருந்திருத்தல் வேண்டும். எம் பெட்டியிலுள்ள ஏனைய பதினாறில் அதற்கு இணை இல்லை. மாமாவின் காசுக்கு இட்ட நீதியையே இதற்கும் இடுதல் முறையாதலின், இணை கிடைக்குங்காறும் இதனை இரட்டை அச்சு என்று யான் கூறமாட்டேன். ஐயப்பாடு என்று ஒரு சீட்டில் எழுதி அதனோடு வைத்துள்ளேன். “அதிலே என்னடா ஐயம்? உன் பாட்டனுக்கு அப்பன் கல்லாவிலே இருந்த காசு” என்கிறார் பாட்டியார். அவர்க்கு அச்சான்று போதும்.

ஆகவே இவ்விதழைப் படிக்கும் நண்பர்க்கும், ஆசிரியப் பெருமக்கட்கும், புதுக்கோட்டைச் சீமையிலிருந்து வந்து இக்கல்லூரியிற் பயின்று சென்ற பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். தங்கள் இல்லத்துப் பெட்டகங்களிலும் அஞ்சறைப் பெட்டிகளிலும் அம்மன் காசுகள் கிடத்தல் கூடும். அவற்றைப் புளியிட்டுத் துலக்காதீர்கள். துலக்கினால் நுண்ணிய வரைகள் தேய்ந்துபோம். வெயில் சாய்ந்து விழும் வேளையில் சாளரத்தருகே வைத்து, ‘விஜய’ என்பதன் நடுவெழுத்தை மட்டும் சிறிது கூர்ந்து நோக்குங்கள். இரட்டையாகத் தோன்றினால் எனக்கு ஒருவரி எழுதுங்கள். அது விலை பெறுமோ என்று கேட்டு எழுதவேண்டா. அதன் மறுபுறம் எங்ஙனம் இருக்கின்றது என்று மட்டும் எழுதுங்கள்.